ஜெபா அக்காவின் வெள்ளைக் கையுறை

என் ஜெபா அக்காவுக்கு,

ஷைனிக்குக் கல்யாணம். நேற்று சபையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். "மறைந்த ஜெபாவின் மகள்" என்று போதகர் வாசித்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் அது உனக்கு நிம்மதியாக இருந்திருக்குமா, வருத்தமாகவா?

உன் கல்யாணத்தன்று எல்லோரும் பார்த்தார்கள். நம் சபையில் முழங்கை வரை கையுறை போட்டு வந்த மணப்பெண் நீ ஒருத்திதான். அண்டி ஆபீஸில் முந்திரி உடைத்து, தோட்டின் எண்ணெய் பட்டு வெந்த விரல்கள் போட்டோவில் தெரியக்கூடாதென்று உன் அம்மை, என் பெரியம்மை, நாகர்கோவிலில் வாங்கியது.

அத்தான் வளைகுடாவுக்குப் போய் ஒரு தகவலும் இல்லாமல் போனார். உன் கையைப் பார்த்த டாக்டர் இனி முந்திரித் தோடு உடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஷைனிக்கு அப்போது நான்கு வயது. தையல் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆடல் பாடல் குழுவோடு கோயில் கொடை விழாக்களுக்குப் போனாய். மேடையிலும் அதே கையுறைதான். கீழே நின்றவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்து விசிலடித்தார்கள்.

ரெக்கார்டு டான்ஸ் ஆடும் பெண்களைப் பற்றி அப்போது நான் பேப்பருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. நீ மட்டும் அஞ்சுகிராமம் பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினாய். பேச்சுக்கு நடுவே பரிமாறுகிறவர் உன் பின்னால் வந்ததும் தோள் குறுகி உட்கார்ந்தாய். மேடை ஓரத்திலிருந்து நீளும் கைகளுக்குப் பழகிய உடம்பு.

"மேடையில கேறுனா நான் வேற ஆளுன்னு நெனச்சுக்கிடுவேன். இப்ப வீட்டுக்கு வந்தாலும் அவதான் இருக்கா. பிள்ள கட்டிப்பிடிச்சாக் கூட திடுக்குன்னு இருக்கு" என்றாய்.

எழுந்து போகும்போது, "பாவம் பாவம்னு மட்டும் எழுதிராதல மக்கா. எனக்கு ஆடுதது இஷ்டமாக்கும். அதையும் போடு" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

உன் பெயரை மாற்றினேன். ஊரை இனயம் பக்கம் என்று மாற்றினேன். வயதைக் கூட்டினேன். கையுறையை மட்டும் அப்படியே எழுதினேன். கல்யாணத்துக்குப் போட்டதை மேடையிலும் போடுகிறாள் என்ற வரியில்தான் கட்டுரை தொடங்கியது. நல்ல வரி என்று நினைத்தேன். ஆட இஷ்டம் என்று நீ சொன்னதை, வாசகர்களின் இரக்கம் குறைந்துவிடும் என்று வெட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர். ஆராதனை முடிவதற்குள் அது நீதான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அதன்பின் உன் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பெரியம்மை சாகும்வரை உன்னோடு பேசவில்லை. வேறு வேலை யார் தந்தார்கள்? முட்டி தேயும்வரை ஆடிக்கொண்டுதான் இருந்தாய்.

அந்தக் கட்டுரையில் என் பெயர் இல்லை, "நமது நிருபர்" என்றுதான் இருந்தது. ஆனால் நீ என்னிடம் மட்டும்தானே சொன்னாய்? தெரிந்தும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வந்தால் எப்போதும்போல சாளை மீன் பொரித்து வைத்தாய். ஏன் அக்கா கேட்கவில்லை?

அப்பா இடத்தில் நின்று கைபிடித்து ஆலயத்துக்குள் கூட்டிப்போக வேண்டும் என்று ஷைனி என்னைத்தான் கேட்டிருந்தாள். நேற்று ஆராதனை முடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் உங்களுக்குச் சோறு போட்டாளா?"

"போட்டா."

"அப்ப நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நீங்க வேண்டாம் மாமா."

நான் வாசல்வரை வந்த பிறகு கூப்பிட்டாள். "அம்மா பேப்பர்ல போடச் சொன்னத இப்பமாவது போடுங்க."

அதனால்தான் இந்தக் கடிதம், அதே பேப்பருக்கு. ஜெபா அக்காவுக்கு ஆடப் பிடிக்கும். ஞாயிறு பள்ளி விழாவில் ஆடியபோதும் பிடித்தது, கொடை மேடையில் பாட்டு தொடங்கும் அந்த ஒரு நிமிடமும் பிடித்தது. மற்றதெல்லாம் நாங்கள் உனக்குச் செய்தது.

ஷைனி நர்ஸ். அவள் விரல்களில் ஒரு கறையும் இல்லை. இருந்தும் கல்யாணத்தன்று உன் கையுறையைத்தான் போடப்போகிறாள். நான் கடைசி பெஞ்சில் இருப்பேன். அது யாருடையது என்று யாராவது கிசுகிசுத்தால், எழுந்து நின்று சொல்வேன்: எங்கள் அக்காவுடையது, அவள் ஆடும்போது போட்டது.

அன்று பெயர் போடாமல் எழுதிய
உன் சித்தி மகன்,
சாம்