ஒட்டாகோவும் ரெய்னர்ஸ் லேனும்

26 செப்டம்பர் 1989, செவ்வாய்

மாலை வகுப்பில் இன்று சீட்டுக் குலுக்கல். வரலாறு சொல்லித்தருகிற பீற்றர் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே பழைய பிரித்தானியக் காலனிகளின் பெயர்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும், அதன் நிர்வாகத்தைப் பற்றி வருட முடிவில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதவேண்டும். இலங்கை வரவேண்டும் என்று நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டு கையை விட்டேன். பிரித்தானியாவுக்கு வருமுன், யாழ்ப்பாணத்தின் மாவட்ட அலுவலகமான கச்சேரியில் பத்து வருடம் எழுதுவினைஞராக இருந்தவளுக்கு அதை எழுதப் புத்தகம் எதற்கு?

வந்தது ஒட்டாகோ.

நியூசிலாந்தின் தெற்குப் பக்கத்தில் ஒரு மாகாணமாம். 1861இல் அங்கே தங்கம் கண்டெடுத்தார்களாம். இலங்கை, பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்குப் போயிற்று. அது இந்தியாவில் எந்தப் பக்கம் என்று என்னிடமே கேட்டார்.

வீட்டில் இவர் சிரித்தார். "தங்கம் எண்டால் எனக்கும் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வாரும்."

7 அக்டோபர், சனி

ரெய்னர்ஸ் லேன் தேவாலய மண்டபத்தில் வழக்கம்போலத் தமிழ் வகுப்பு. கலாவதி சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பாள், நான் பெரிய பிள்ளைகளுக்கு. சவுத்தாலிலிருந்து இரண்டு பஸ் மாறிவரும் பெர்னடெற்றும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இன்றும் பிந்தித்தான் வந்தார்கள்.

முடிகிற நேரத்தில் பரமேஸ்வரன் மாஸ்ரர் ஹரோவிலிருந்து வந்தார். இந்தத் தமிழ் வகுப்புகளை நடத்துகிற சங்கத்தின் தலைவர். தொடக்கத்திலிருந்தே அவர்தான். வருகிற வருடம் ஈஸ்டரோடு எங்கள் கிளையை மூடப்போகிறார்களாம், எல்லோரும் ஹரோவுக்கு வரட்டுமாம். "ஒரே கூரைக்குக் கீழை இருந்தால்தான், பிள்ளை, வடிவு. பலமும் அதுதான்."

ஹரோ இரண்டே ஸ்டேசன்தான், தெரியும். ஆனால் எங்கள் தாய்மார் சனிக்கிழமை ஷிப்டுக்குப் போகிற வழியில் பிள்ளைகளைக் கதவடியில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள். ரயிலேற்றி விட்டுவர அவர்களுக்கு ஏது நேரம்? பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

எனக்கும் இது இழப்புத்தான். வேலைசெய்கிற விளக்குமூடிக் கிடங்கில் வாரம் முழுக்க நான் 'கேன்'. முழுப்பெயர் யாருக்கும் வாயில் வராது. சனிக்கிழமை மட்டும்தான் கனகாம்பிகை ரீச்சர். அதை விட எனக்கு மனமில்லை.

17 அக்டோபர்

ஒட்டாகோவை வாசிக்க வாசிக்க ஆவல் கூடுகிறது. மாகாணத்தின் தலைவருக்கு சூப்பரிண்டென்டன்ட் என்று பெயர். ஆளை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கச்சேரிக்குத் தலைவரான எங்கள் ஜி.ஏ.தான்! மேலிருந்து அனுப்புவார்கள், பெரிய பங்களா, வாசலில் பியூன், மூன்று வருடத்தில் மாற்றம். பத்துப் பக்கம் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

14 நவம்பர், செவ்வாய்

பீற்றரிடம் கொடுத்திருந்த அந்தப் பத்துப் பக்க வரைவு திரும்பி வந்தது. முதல் பக்கத்திலேயே பீற்றரின் சிவப்புப் பேனா. சூப்பரிண்டென்டன்டை ஆளுநர் நியமித்தார் என்று எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதியிருந்தார்.

ஒன்றிலும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

அந்த மனிதரை மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தார்களாம்! மாகாண சபையும் அப்படியே. வருடம் ஒரு பவுண் கட்டிச் சுரங்கச் சீட்டு எடுத்து, சில மாதம் வைத்திருந்த சேற்றுக்கால் தொழிலாளிக்கும் வாக்கு உண்டாம். பெண்களுக்கு இல்லை, அது வேறு கதை.

பஸ்ஸில் வரும்போது முழுக்க யோசனை. பத்து வருடம் கச்சேரியில் இருந்தேன். ஜி.ஏ.யை நாங்களே தெரிவு செய்தால் என்ன என்று ஒரு நாளாவது நினைத்தேனா? மழையை யார் தெரிவு செய்வது என்று கேட்கிற மாதிரியல்லவா அது எனக்கு இருந்திருக்கிறது.

15 நவம்பர்

இன்னொன்று. பரமேஸ்வரன் மாஸ்ரரை யார் தெரிவு செய்தது?

2 டிசம்பர், சனி

கேட்டேவிட்டேன். ஹரோவில், அவர் வீட்டு முன்னறையில், கலாவதியும் பக்கத்தில் இருக்க.

"கிளையை மூடுறதெண்டால் எங்கடை தாய் தகப்பன்மாரை ஒருக்காக் கேக்கவேணுமெல்லே மாஸ்ரர்? கிளைக்கு ஒரு தலைவரை அவையளே தெரிஞ்செடுத்தால் என்ன?"

அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார். "பிள்ளை, எலெக்ஷன் வைச்சால் தோத்தவன் அடுத்த தெருவிலை இன்னொரு சங்கம் துவங்குவான். நான் எத்தினை சங்கத்தைப் பாத்தனான்."

அதில் உண்மை இல்லாமலில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

16 ஜனவரி 1990, செவ்வாய்

தங்க வயல்களில் வார்டன் என்று ஒரு அதிகாரி இருந்திருக்கிறார். உரிமைச் சீட்டுக் கொடுப்பதும் அவர், வழக்குத் தீர்ப்பதும் அவர். நீதிமன்றம் என்பது ஒரு கூடாரம். இரண்டு பேர் ஒரே குழிக்கு அடிபட்டால், எழுந்துபோய்க் குழியைப் பார்த்துவிட்டு அங்கேயே தீர்ப்புச் சொல்வதும் உண்டாம். எங்கள் கச்சேரியில் ஒரு வேலித் தகராறு மூன்று வருடம் மேசை மேசையாக நடந்தது. வேலியை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

தங்க வயல்காரரின் பெரிய முறைப்பாடு என்ன தெரியுமா? தோண்டுகிறவன் சேற்றில் நிற்கிறான், வீதி போடுவது தலைநகர் டனீடினுக்கு. வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தேன். எங்கள் பிள்ளைகள் பாடி ஆடுகிற கலைவிழாவும் ஹரோவில்தான்.

மாஸ்ரரிடம் இனி வாதாடப் போவதில்லை. குழியைப் பார்க்க வரச்சொல்லப் போகிறேன்.

3 பெப்ரவரி, சனி

வந்தார்! கோட்டும் ரையுமாக, வகுப்புத் தொடங்க அரைமணி முந்தி. வாசலோரம் கதிரை போட்டு இருத்தினேன். ஒரு தாய் சூப்பர் மார்க்கெட் உடுப்போடு பிள்ளையைக் கொண்டுவந்து தள்ளிவிட்டு, அவருக்கு வணக்கம் சொல்ல நேரமில்லாமல் ஓடினாள். இன்னொருவர் காரை நிற்பாட்டாமலே கதவைத் திறந்து பிள்ளைகளை இறக்கினார். இரவு ஷிப்ட் முடித்து வந்த ஒருவர் பின்வாங்கில் வாயைத் திறந்தபடி நித்திரை. கடைசியாகப் பெர்னடெற், மூச்சு வாங்க.

மாஸ்ரர் போகும்போது, "சரி, கேட்டுப் பாரும். ஆனால் பிறகு என்னட்டை ஓடி வரக்கூடாது" என்றார்.

17 பெப்ரவரி, சனி

வாக்கெடுப்பு. ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். கிளை தனியே நடக்கவேண்டும் என்று அநேகமாக எல்லோரும். தலைவர் கலாவதி என்றுதான் நினைத்திருந்தேன். பெர்னடெற் எழும்பி நின்று, "எங்களுக்குக் கனகாம்பிகை ரீச்சர் காணும்" என்றாள். பெட்டியைத் திறந்தால் என் பெயர்தான். சந்தோசம்தான். ஒளிப்பானேன்?

இவர்: "சூப்பரிண்டென்டன்ட் அம்மா, சோறு கிடைக்குமோ?"

10 மார்ச், சனி

மாஸ்ரர் ரயிலில் வந்தார். கக்கத்தில் பழைய சேலையால் சுற்றிய நீளமான பொதி. சுருட்டி வைக்கிற கரும்பலகை. ஹரோவில் முதன்முதல் வகுப்புத் தொடங்கியபோது அவர் வாங்கியதாம். "தனிய நடத்திறதெண்டால் பலகை வேணுமெல்லே" என்றார். தேத்தண்ணிக்கும் நிற்கவில்லை.

இவ்வளவு நாளும் இந்த மனிதரை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்.

24 ஏப்ரல், செவ்வாய்

கட்டுரைக்குக் கடைசிப் பகுதி. ஒட்டாகோவிலிருந்தும் ஒரு துண்டு பிரிந்து போயிருக்கிறது! சவுத்லாண்ட். டனீடின் தங்களைக் கவனிக்கவில்லை என்று 1861இல் பிரிந்தார்கள். பிரிந்து இரண்டு மாதம் ஆகவில்லை, ஒட்டாகோவில் தங்கம். பாவங்கள். பிறகு வீறாப்பாக ரயில் விடப் புறப்பட்டு மரத்தில் தண்டவாளம் போட்டார்கள். மழைக்கும் சேற்றுக்கும் அது நிற்குமா? கடன் கழுத்தை நெரிக்க 1870இல் திரும்பி வந்து ஒட்டாகோவோடு சேர்ந்தார்கள். ஆறு வருடத்தில் மாகாணங்கள் எல்லாமே ஒழிந்தன. மத்திய அரசு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

மரத் தண்டவாளம்! என்ன துணிச்சல், என்ன முட்டாள்தனம். ஒரு நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

19 ஜூன்

கட்டுரைக்கு நல்ல புள்ளி. சூப்பரிண்டென்டன்டை நான் கடைசியில் நன்றாகவே விளங்கிக்கொண்டதாகப் பீற்றர் எழுதியிருக்கிறார்.

9 பெப்ரவரி 1991, சனி

முழங்கால் வரை பனி. பாதி வகுப்பு முடிந்தபிறகுதான் பெர்னடெற் வந்தாள். சின்னவனின் காலுறை பிழிந்தால் தண்ணீர் வரும். ஹீட்டரில் காயப்போட்டுவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ரீச்சர், கோவிக்கக்கூடாது. சவுத்தாலிலை ஏழெட்டுக் குடும்பம் இருக்கிறம். அங்கையே ஒரு வகுப்பு வைப்பம் எண்டு கதைச்சனாங்கள். இந்தப் பிள்ளையளை இழுத்துக்கொண்டு இனி ஏலாது."

என்னை எழும்பி நின்று தெரிவு செய்தவளே இதைச் சொல்கிறாள்!

"பிரிஞ்சு போனால் பலம் குறையும் பெர்னடெற். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழை இருந்தால்தான் வடிவு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு காலுறையைத் திருப்பிப் போட்டாள்.

10 பெப்ரவரி

மாஸ்ரரின் அதே சொற்கள். 'வடிவு' உட்பட. இவரிடம் சொன்னேன், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை விட்டுப் போகினம் எண்டுதானே கோபம்? வகுப்புக்காகவோ, எனக்காகவோ? சொல்லடி கனகம்.

12 பெப்ரவரி

எனக்காகத்தான்.

17 மார்ச், ஞாயிறு

சவுத்தாலுக்குப் போய்வந்தேன். பெர்னடெற் வருகிற அதே வழி, அதே இரண்டு பஸ். முதலாவது பிந்திற்று, இரண்டாவது நிற்காமல் போயிற்று. கைவிரல் விறைத்துவிட்டது. இந்த வழியால் அவள் இரண்டு பிள்ளைகளோடு ஒன்றரை வருடமாக வந்திருக்கிறாள்.

புடவைக்கடை ஒன்றுக்கு மேலே சின்ன அறையில் அவளுடைய புது வகுப்பு. ஒரு ஜன்னல், கீழே பஜனைப் பாட்டுச் சத்தம். பிள்ளைகள் நிலத்தில் பாய்போட்டு இருந்தார்கள். கதிரை ஒன்றுதான், அதை எனக்குத் தந்தார்கள். பெர்னடெற் அலமாரிக் கதவில் சுண்ணக்கட்டியால் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது, நான் ஏச வந்திருக்கிறேன் என்று நினைத்து.

"இல்லையடி, இடத்தைப் பாக்கத்தான் வந்தனான்" என்றேன்.

கொண்டுபோன பொதியைச் சுவரோடு சாத்தினேன். மாஸ்ரர் சுற்றித் தந்த அதே சேலை. அவிழ்த்துப் பார்த்துவிட்டு அவள், "ஐயோ, உங்களுக்கு ரீச்சர்?" என்றாள். எங்களுக்குத் தேவாலயக்காரர் ஒன்று தருவார்கள் என்று சொன்னேன். இன்னும் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்கவேண்டும்.

ஆணி அடித்துப் பலகையைத் தொங்கவிட்டோம். பழைய பலகை, இரண்டு முனையும் உள்ளே சுருள்கிறது. மேல் முனையை நான் பிடித்துக்கொள்ள அவள் எழுதினாள். ஒன்றரை மணி நேரம் நின்றதில் கை உளைகிறது.

சவுத்லாண்ட் திரும்பி வந்த கதையை நான் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார்கள், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.