ஆற்று மணலில் படுக்கை போடாதே

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாத்திரை டப்பா தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த டப்பா தேவைப்படாமல் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும்தான், இறங்கும்போது என்னைத் திட்டிக்கொண்டே வருவதால் வலி தெரிவதில்லையாம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, நானே சரிசெய்கிறேன் என்று ஸ்பானரை எடுத்தேன், இப்போது சொட்டவில்லை, ஓடுகிறது. நாளைக்கு பிளம்பர் வருகிறார். அம்மா அவரிடம் என்னைப் பற்றி என்ன சொல்லுவாள் என்று தெரியும், அந்த நேரம் பார்த்து இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போய்விடலாம் என்றிருக்கிறேன்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. காய்ந்த ஆற்றுக்கு நடுவில், கூடாரம்கூட இல்லாமல், மணல்மேல் மூன்று படுக்கையை விரித்து, நடுவில் குட்டி உட்கார்ந்து பல்லைக் காட்டுகிறாள். உங்களை மாதிரியே வெட்டவெளியில் தூங்கினோம் அப்பா, அடுத்த மாதக் கடைசி லீவுக்கும் அதே இடம்தான், இன்னும் இரண்டு குடும்பம் சேர்ந்து மூன்று ராத்திரி என்று எழுதியிருக்கிறாய். குட்டிக்கு முன்பல் முளைத்துவிட்டதே என்று அம்மா பூரித்துப்போனாள். எனக்குப் பல் கண்ணில் படவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு புதர் இருக்கிறது பார், அதன் கிளையில் சருகும் குச்சியும் ஒரு கிழிந்த பிளாஸ்டிக் பையும் சிக்கித் தொங்குகிறது, குட்டி எழுந்து நின்று கையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில். அதைக் காற்று கொண்டுவந்து மாட்டவில்லை மகளே. தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். போனில் இரண்டு தடவை சொல்ல வந்தேன். நீ, அந்த டிராயர் கதையைச் சொல்லுங்கப்பா, குட்டிக்குக் கேட்கணுமாம் என்று ஸ்பீக்கரைப் போட்டாய், நானும் வெட்கம்கெட்டுப்போய்ச் சொல்லி முடித்தேன், அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டால் என் வாய் தன் பாட்டுக்குப் போகும், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நில அளவைக் குழுவில் சங்கிலி பிடித்த பதினெட்டு வருஷத்தில் நான் படுக்காத இடமில்லை. கட்டி முடியாத பள்ளிக்கூடத்தில் கரும்பலகையை இறக்கிப்போட்டுப் படுத்திருக்கிறேன், எனக்கும் கரும்பலகைக்கும் இருந்த நெருக்கமெல்லாம் அவ்வளவுதான். பாலத்து வேலைக்கு இறக்கியிருந்த சிமெண்ட் குழாய்க்குள் தூங்கி, காலையில் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்திருக்கிறேன். சுடுகாட்டு மதிலோரம் தூங்கிய மாதிரி நிம்மதியாக எங்கும் தூங்கியதில்லை, அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் குறட்டை விடவில்லை. இதையெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். எல்லாவற்றிலும் உனக்குப் பிடித்தது ஆற்று மணல் கதைதான். வெள்ளம் வந்தது, அப்பா வெறும் டிராயரோடு மரத்தில் ஏறினார், விடிந்து பார்த்தால் கையில் ஒரு நீளக் கரண்டி. அவ்வளவுதான் நீ கேட்டது. மீதியை நான் யாருக்கும் சொன்னதில்லை.

எங்களோடு ஒரு சமையல்காரர் இருந்தார், எதிலும் உப்பு ஒரு பிடி கூடவே விழும், அதனால் உப்பண்ணன் என்போம். அன்றைக்கு அவர் கரைமேலேயே பாத்திரங்களை இறக்கிவிட்டார். நான்தான் மணலில் நின்றுகொண்டு, கீழே வாங்கண்ணே, மெத்தை போட்டு வைச்சிருக்கு, மேலே என்ன மாமியார் வீடா இருக்கு என்று கூப்பிட்டு இறங்க வைத்தேன். புதரில் என் நெஞ்சு உயரத்துக்குக் காய்ந்த குச்சி சிக்கிக் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, குனியாமலே விறகு கிடைக்குது பாருங்க என்று பிடுங்கி அவர் அடுப்புக்குக் கொடுத்தேன். அளவு எடுக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆறு தானே எடுத்து வைத்திருந்த அளவை நான் அடுப்பில் போட்டேன். எங்கள் தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகமில்லை, மழை எங்கோ மலையில். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் லாரி வருகிறாற்போல் ஒரு சத்தம். மற்றவர்கள் கரையேறிவிட்டார்கள், எனக்கு ஒரு மரம் கிடைத்தது. எழுந்து ஓடும்போது பக்கத்தில் கிடந்த கரண்டியை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது. உப்பண்ணன் தண்ணீரோடு வந்தார், கரண்டியை நீட்டினேன், மறுமுனையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கரண்டி மட்டும்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து வெகு தூரத்தில் கிடைத்தார். அவர் வீட்டில் போய், வெள்ளம் வந்துவிட்டது என்று சொன்னேன், கரைமேல் இருந்தவரைக் கீழே கூப்பிட்டது நான் என்று சொல்லவில்லை. உனக்குச் சொல்லும்போது அவரையே கதையிலிருந்து எடுத்துவிட்டு என் டிராயரை வைத்தேன். நீ சிரித்தாய், எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அம்மாவுக்கே இன்று காலைதான் தெரியும். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மணல்மேல் உனக்கு ஆசை மூட்டியவன் நான், அதனால் நானே தடுக்கவும் வேண்டியிருக்கிறது. வெளியில் தூங்காதே என்று சொல்லவில்லை. கரையேறி, சருகு சிக்கிய உயரத்துக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் உயரம் போ, கல் குத்தினால் குத்தட்டும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று மாப்பிள்ளை சொல்லுவார், அது அவர் தலைக்கு மேலிருக்கும் வானத்துக்குத்தான் சரி, ஆறு எங்கிருந்து வருகிறதோ அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே போய் இடம் பாருங்கள். குட்டிக்கு இனி அந்தக் கதையை நான் சொல்லமாட்டேன். அவள் கேட்டால் உப்பண்ணனோடு சேர்த்து நீ சொல்லு, ஆறு வயசுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் மூன்று பேரும் நல்ல மேட்டில் படுத்து, நல்லபடியாகக் கண்விழித்து, நீண்ட நாள் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே, இடத்தை மாற்றியாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, மறந்துவிடாதே. கூட வருகிறவர்கள் ஏன் மாற்றுகிறாய் என்று கேட்டால் சங்கடப்படாதே. எங்கப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று சொல்லு. பொய் சொன்ன பாவம் உனக்கு வராது.

இப்படிக்கு,
உன் அப்பா