சமையலறை, ஐம்பத்திரண்டு நிமிடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று வகுப்பில் ஜோடி பிரித்தார்கள். இருபத்து மூன்று பேர், பதினொரு ஜோடி, மிச்சம் நான். “தனியா பண்ணிடுவ இல்ல?” என்று ஹெட்போன் சார் கேட்டார். (கழுத்தில் எப்போதும் ஹெட்போன். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது வகுப்பின் நெடுநாள் சந்தேகம்.) பண்ணிடுவேன் சார் என்றேன். வேறென்ன சொல்வது? எல்லோரையும்விட இரண்டு வயது பெரியவள், யாரோடும் ஒட்டாதவள். என்னோடு சேர அடித்துக்கொள்ளவா போகிறார்கள்.

வேலை இதுதான்: நான்கு நிமிட வீடியோ. நம் அன்றாடத்தில் இருக்கும் ஓசைகளும் காட்சிகளும் மட்டும். பாட்டு கூடாது, பேச்சு கூடாது. மார்ச் 6 கடைசி நாள். இதில் தேறினால்தான் அடுத்த வருஷம் ஒலிப் பிரிவு. தேறாவிட்டால் வீட்டில் “நான் அப்பவே சொன்னேன்” என்று கேட்க வேண்டிவரும்.

இல்லை, அதுகூட வராது. பேச்சே இல்லையே.

பிப்ரவரி 5, வியாழன்

வீட்டில் என்னென்ன ஓசை என்று பட்டியல் போட்டேன். ஃபிரிட்ஜ். குழாய். அப்பாவின் சாவிக்கொத்து. அப்பாவின் டூல் பை தரையில் இறங்கும் சத்தம். என் அறைக் கதவு. அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது.

லேப் டெக்னீஷியன் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு இந்த வீடியோ படிப்பில் சேர்ந்தேன் என்று சொன்ன அன்று அப்பா “உன் இஷ்டம்” என்றார். கத்தியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒரு வாரத்தில் எல்லாம் ஆறியிருக்கும். அன்றிலிருந்து எட்டு மாதமாக எல்லாம் அம்மா வழியாகத்தான். “அவ வர லேட்டாகுமான்னு கேளு.” “ஆகும்னு சொல்லும்மா.” மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்போம்.

அக்காவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததும் அம்மா ஜனவரியில் அங்கே போய்விட்டாள். இங்கே தபால்காரர் இல்லாத இரண்டு ஊர்கள் மிச்சம்.

இன்று போனில் வழக்கம்போல, “அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்றாள். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன். பால் செய்தி ஐந்நூறு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தது. பக்கத்து அறையில் போன் அடித்தது, பிறகு அப்பா செருப்பு மாட்டும் சத்தம். சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

முதல் பார்வை. குழாய்ச் சொட்டு, ஃபிரிட்ஜ் உறுமல், மேசைமேல் வெயில் நகர்வது எல்லாம் கோத்து இரண்டரை நிமிடம் காட்டினேன். ஹெட்போன் சார் ரொம்ப நேரம் யோசித்தார். “சுத்தமா இருக்கு. ஆனா யாரோ காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி இருக்கே?”

வகுப்பு சிரித்தது. யாரும் காலி பண்ணிட்டுப் போகல சார், அங்க ரெண்டு பேர் இருக்கோம். நாக்கு நுனி வரை வந்தது.

பிப்ரவரி 14, சனி

சாயங்காலம் கடையில் “ரெண்டு பேட்டரி” என்று கேட்டபோது குரல் கரகரத்தது. காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அது.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒவ்வொரு அறைக்கும் சொந்தமாக ஒரு நிசப்தம் உண்டு, அதைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது சாரின் கட்டளை. துண்டுகளை ஒட்டும்போது அதுதான் அடியில் ஓடும். பக்கத்தில் நின்று மூச்சுகூட விடக் கூடாது. காலையில் ரெக்கார்டரை ஃபிரிட்ஜ்மேல் வைத்து ஓடவிட்டு வெளியே வந்தேன். செருப்பு மாட்டினேன். பஸ் தெரிந்தது. ஓடினேன். ரெக்கார்டர் ஞாபகமே கல்லூரி வாசலில்தான் வந்தது. நான் எல்லாம் ஒலிப் பிரிவு!

சாயங்காலம் வந்து பார்த்தால் நின்றிருந்தது. கார்டு நிறைந்திருக்கும். அப்படியே சார்ஜில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

பஸ்ஸில் கேட்டேன். ஐம்பத்திரண்டு நிமிடப் பதிவு. முப்பது நிமிடத்துக்கு ஃபிரிட்ஜ் மட்டும். பிறகு அப்பா வருகிறார், வேலைக்குக் கிளம்பும் முன் டீ போடுகிறார். கரண்டிச் சத்தம் அவ்வளவு துல்லியம். இதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது பேச ஆரம்பித்தார்.

“படிப்பு எப்படிம்மா போகுது?”

யாரிடமோ போனில் என்று நினைத்தேன். கரண்டி நின்றது. “ம்ஹூம். இன்ஸ்பெக்டர் கேக்கற மாதிரி இருக்கு.” மறுபடி கரண்டி. “படம் எப்படி வருது? … படம்னு சொல்லலாமா அதை? சொன்னா சிரிப்பாளோ.” பால் பொங்குகிறது, அடுப்பை அணைக்கிறார். “மதியம் சாப்பிடறியா இல்லையா?” இது நன்றாக வந்தது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். இரண்டு தடவை சொன்னார்.

அதற்குமேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன். எட்டு மாசமா இந்த மனுஷன் தினம் ஒத்திகை பாத்துக்கிட்டா இருக்காரு? எனக்கு மட்டும்தான் தனிமைன்னு நான் பாட்டுக்கு இங்க பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு... பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பிப்ரவரி 20, வெள்ளி

கேட்பார் என்று டீயை இழுத்து இழுத்துக் குடித்தேன். “மழை வரும்போல” என்றார். எனக்கா, ஜன்னலுக்கா?

பிப்ரவரி 22, ஞாயிறு

கேட்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

என் அறை வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். நிமிர்ந்து பார்த்தேன். சுவிட்ச் போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சுவிட்ச் போர்டில் ஒரு கோளாறும் இல்லை.

நீயே பேசேன் என்று ஒரு மனசு சொல்கிறது. எதைப் பேச? அவர் என்னிடம் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால், ஒளிந்திருந்து கேட்டவள் ஆகிவிட மாட்டேனா?

பிப்ரவரி 26, வியாழன்

இன்று ஒரு அற்ப வேலை பார்த்தேன். அப்பாவின் ஒத்திகையை எடுத்து வீடியோவில் ஒட்டிப் பார்த்தேன். பேச்சு கூடாது என்பது விதிதான். ஆனால் ஒட்டியதும் அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. மதிப்பெண் போகட்டும், சார் கண் கலங்குவார், சிரித்த வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் அந்த நினைப்பில் மிதந்தேன். பிறகு அவர்கள் நடுவில் அப்பாவின் “சிரிப்பாளோ” ஒலிப்பதை நினைத்துப் பார்த்தேன். யாராவது சிரிப்பார்கள். நிச்சயம் ஒருத்தராவது சிரிப்பார்கள். எடுத்துவிட்டேன்.

முழுப் பதிவையுமே அழித்துவிடலாம் என்று கையை வைத்தேன். கடைசிவரை கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்று சார் தலைபாடாக அடித்துக்கொள்வார். சரி, விட்ட இடத்திலிருந்து கேட்டேன்.

டம்ளர் கழுவுகிறார். டூல் பையைத் தூக்குகிறார். நடக்கிறார், நிற்கிறார். திரும்பி வருகிறார். காலடி கிட்டே வருகிறது. “ஐயோ” என்று மெதுவாக ஒரு சத்தம். அப்புறம் பதினொரு வினாடி அவர் மூச்சு மட்டும். அப்புறம், என் காதுக்குள்ளேயே பேசுவதுபோல:

“பேட்டரி தீந்துடும்மா. நிறுத்திடறேன்.”

க்ளிக்.

கார்டு நிறையவே இல்லை. அப்பா நிறுத்தியிருக்கிறார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துப் பழுதைச் சொல்கிறவர். சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

அவர் கேட்கட்டும், கேட்கட்டும் என்று ஒன்பது நாளாக நான் உட்கார்ந்திருக்கிறேன். அவரோ கேட்டு முடித்துவிட்டு, ஒன்பது நாளாக என் பதிலுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

பிப்ரவரி 27, வெள்ளி

காலை. அப்பா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். உட்காராமலேயே சொல்லிவிட்டேன், வரிசையாக.

“படிப்பு நல்லா போகுதுப்பா. படம் சுமாரா வருது. படம்னே சொல்லலாம், சிரிக்க மாட்டேன். மதியம் சாப்பிடறேன்.”

ஆற்றுகிற கை நின்றது. டீயையே பார்த்துக்கொண்டு, “கேட்டுட்டியா” என்றார்.

“முன்னாடியே கேட்டேன். கடைசி வரைக்கும் கேட்டது நேத்துதான்.”

“ம்” என்றார். ஒரு டம்ளரை என் பக்கம் தள்ளினார். நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “மதியம் கேன்டீன்லயா?” என்றார். ஒத்திகையில் இல்லாத கேள்வி!

சண்டையும் வந்தது, எழுதிவிடுகிறேன். “அந்தப் படிப்ப விட்டப்போ என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணல இல்ல?” என்றார். தோணலப்பா என்றேன், உண்மை அதுதான். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. இருவரும் கத்தினோம். வேலைக்குத் தாமதமாகப் போனார். கதவை அறைந்து சாத்திவிட்டுத்தான் போனார். நல்ல சத்தம். பதிவு செய்யத் தோன்றவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

அந்தக் கரண்டிச் சத்தத்தை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “என் பேச்சு வருமா?” “பேச்சு கூடாதுப்பா, விதி.” “அப்பாடா” என்றார்.

மதியம் அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு வரச் சொன்னார். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் அறை, கிரீஸ் நாற்றம். ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் படம் எடுத்தேன். சத்தம் எடுக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

காட்டினேன். அதே மேசை, அதே வெயில், அதே குழாய். நடுவில் அப்பா கண்ணை மூடிக் கேட்கும் முகம். அதற்கு அடியில் டீக் கரண்டி சுற்றுகிறது, நிற்கிறது, யோசிக்கிறது, மறுபடி சுற்றுகிறது. கடைசியில் ஒரு க்ளிக்.

“இது யார் வீடு?” என்று கேட்டார் ஹெட்போன் சார். எங்க வீடுதான் சார், போன தடவை காட்டின அதே வீடு என்றேன். நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

ஒலிப் பிரிவு கிடைத்துவிட்டது. அப்பா பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “உன் இஷ்டம்தான் ஜெயிச்சுது” என்று ஒரு குத்தலும் விட்டார். விடட்டும்.

சாயங்காலம் அம்மா போன். குழந்தைகள் இரண்டும் பின்னால் வீறிட்டன. எல்லாம் சொன்னேன். முடிக்கும்போது, பழக்கதோஷம், “அப்பாகிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்றாள்.

“வேணாம்மா.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குழந்தைகள் மட்டும். பிறகு, தயங்கித் தயங்கி, “அப்ப நான் இன்னும் பத்து நாள் இங்க இருந்துட்டு வரவா?” என்றாள்.

“இரும்மா, அப்பாவக் கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டேன்.