முப்பத்தெட்டு முறை போய்வந்த டயர்

மார்ச் 14, வியாழன், பிற்பகல் 2.20. கணக்கு முப்பத்தெட்டு.

என் நட்டுக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நான் நலம், இருமல் விட்டது, நீயும் நலம் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தெட்டு என்றது ஒரு விமான டயரின் கணக்கு. பிப்ரவரி ஐந்தாம் தேதி காலை நான் மாட்டியது. அந்த விமானத்துக்குத் தினம் ஒரு தடவை உங்கள் ஊருக்குப் போய்த் திரும்புவதுதான் வேலை, ஆக அந்த ரப்பர் உன் ஊரை முப்பத்தெட்டு முறை தொட்டுவிட்டது, நான் பதினான்கு மாதமாக ஒரு முறைகூட இல்லை. இன்று காற்று அளக்கும்போது அதை ஒரு உதை விட்டேன். ஏன்டா, அது என்னடா பண்ணுச்சு உன்னை, சக்கரம் போகுது, நீதான் போகமாட்டேங்குறே என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

தூரம் தூரம்னு சொல்றீங்களே, எவ்வளவுப்பா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கடல் தாண்டி 1,840 கிலோமீட்டர். பறப்பது இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் பத்து. ஷிஃப்ட் முடிந்து நான் பஸ் பிடித்து வீடு சேர்ந்து துணி துவைத்து உலர்த்தவே அவ்வளவு நேரம் ஆகும். ஊழியர் டிக்கெட்டும் உண்டு. ஆகவே தூரம் என்று சொன்னது பொய். கதவைத் தட்டினால் உன் அம்மா கட்டிக்கொண்ட பல் டாக்டர் வந்து திறப்பார், வாங்க வாங்க என்பார், உன் செருப்புக்குப் பக்கத்தில் அவர் செருப்பு கிடக்கும். அதுதான் எனக்கு ஆகவில்லை. நீ எழுதிய ஒரு பக்கத்தில் டாக்டர் அங்கிள் ஒன்பது தடவை வருகிறார், எண்ணினேன், நான் இரண்டு தடவை, அதில் ஒன்று 'அன்புள்ள அப்பா'. வயிறு எரிந்தது.

நேற்று அவரே போன் செய்தார். சைக்கிள் வாங்கி ரெண்டு மாசமாச்சுங்க, பிரேக் பிடிக்கலை, கடைக்குக் கொண்டுபோறேன்னா வண்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிறா, எங்கப்பா பிளேனுக்கே பிரேக் பார்க்கிறவர், அவர்தான் தொடணும்கிறா, எப்பங்க வர்றீங்க என்றார். கழுதை, இதை ஒரு வரி எனக்கு எழுதக்கூடாதா? அவர் நினைத்திருந்தால் நீ பள்ளிக்கூடம் போயிருக்கும்போது பத்து நிமிடத்தில் சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. மனுஷன் நல்லவர், அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

வேளைக்குச் சாப்பிடு, அம்மாவிடம் எதிர்த்துப் பேசாதே, பல்லை ஒழுங்காகத் தேய், அதை அவர் சொன்னாலும் கேள். நோய் நொடி இல்லாமல் நல்லா இருடா கண்ணு.

உன் அப்பா

இனி நான் செய்யப்போவது:

1. இதை மடித்ததும் லீவு எழுதிக் கொடுப்பேன்.
2. இந்தக் கடிதத்தை நாளைய விமானத்தில் வருகிற நண்பனிடம் கொடுத்தனுப்புவேன். டயருக்கு முப்பத்தொன்பது.
3. சனிக்கிழமை, நாற்பதாவது தடவை, அதோடு நானும் வருவேன். சீட் காலி இல்லையென்றால் ஞாயிறு.
4. கதவை டாக்டர் திறந்தால் வணக்கம் சொல்வேன். சிரிக்க முயற்சி செய்வேன்.
5. பிரேக்கைச் சரி செய்வேன். அதற்கப்புறம் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற வேலையை அவருக்கு விட்டுத்தர மாட்டேன்.