சனிக்கிழமை கழுவிய கார்

கருங்கல்,
20.11.2012

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் ஜாஸ்மியும் சுகமாக இருக்கிறோம். நம் காருக்கும் சுகம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் எங்கே என்னைப் பேச விட்டீர்கள்? காரில் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற அந்த மஞ்சள் விளக்கு இன்னும் எரிகிறதா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். "அப்ப பேபிகிட்ட சொல்லி வித்துரு" என்று வைத்துவிட்டீர்கள். நம் சபை ஞானசிங் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவர் கையில் இதையும் நேந்திரங்காய் சிப்ஸையும் கொடுத்தனுப்புகிறேன். சிப்ஸைத் தின்றுவிட்டுக் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

புரோக்கர் பேபி போன வாரமே வந்தார். காரைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். இந்தச் சனிக்கிழமை ஆளோடு வருவதாகச் சொன்னார். அவர் தட்டிய தட்டில் எனக்கு வந்த கோபத்தில், டீயில் சர்க்கரை போடாமலே கொடுத்தேன். அவரும் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அந்த விளக்கு என்னை ஆறு மாதமாகப் படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினால் எரியும். எனக்கு ஓய்வு கிடைத்து, புதன்கிழமை சுயம்பு அண்ணனின் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் நல்ல பிள்ளை மாதிரி அணைந்திருக்கும். "யக்கா, இதுக்கு ஒரு சூக்கேடும் இல்ல" என்று அனுப்பிவிடுவார். பிளக் மாற்றினார், பெட்ரோல் பில்டர் மாற்றினார். மூன்றாவது தடவை, என் மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொன்னார்.

ஜாஸ்மிதான் வழி சொன்னாள். விளக்கு எரிகிற நாளிலெல்லாம் சபைக் காலண்டரில் சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொன்னாள். எட்டு வாரம் போட்டோம். ஞாயிறு தவறாமல் சிவப்பு. திங்கள் பாதி. செவ்வாய் ஒன்றிரண்டு. மற்ற நாளில் ஒன்றுமில்லை. நம் காருக்குக் கோயிலுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வாய் உங்களுடையதுதான்.

முந்தாநாள் ஆராதனை முடிந்ததும், விளக்கு எரிய எரிய, பட்டுச் சேலையோடு நேராக சுயம்பு அண்ணனின் வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனேன். லீவு நாளில் வந்து நிற்கிறேனே என்று முணுமுணுத்தார். ஆனாலும் வந்தார். பானெட்டைத் திறந்து, அங்கே இருந்த ஒரு சாக்கெட்டின் இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்தார். உடனே உள்ளே மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்தது. ஒரு தடவை மின்னி, கொஞ்சம் நின்று, நான்கு தடவை மின்னும். ஜாஸ்மி சத்தம் போட்டு எண்ணினாள். இஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கிற சாமானில் கோளாறு என்று அதற்கு அர்த்தமாம். அதன் வயரைப் பிடுங்கிக் கவிழ்த்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. வயரின் முனையில் இருக்கிற சாக்கெட்டின் வாய் ரப்பர் வெடித்திருந்தது.

"யக்கா, பானெட்டத் தொறந்து ஆரு வெள்ளம் ஊத்துது?" என்று கேட்டார்.

ஊற்றுவது நான்தான். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் இரண்டு வாளி. அந்தத் தண்ணீர் உள்ளே காய்கிறவரைக்கும்தான் விளக்கு எரிந்திருக்கிறது.

நீங்கள் செய்ததைத்தானே செய்தேன், அத்தான். நீலக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் காரைக் கழுவியதெல்லாம் மறந்துபோயிற்றா? "உள்ளயும் சுத்தமா இருந்தாத்தான் கோயிலுக்குக் கொண்டு போவலாம்" என்று பானெட்டைத் திறந்து தண்ணீர் ஓஸைப் பிடிப்பீர்கள். மறுநாள் பாட வேண்டிய பாட்டை அப்போதே ராகமில்லாமல் பாடுவீர்கள். பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். நீங்கள் போன பிறகு, இந்த மூன்று வருஷத்தில் ஒரு சனிக்கிழமையும் நான் விட்டதில்லை. பழைய ரப்பர் இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

வீட்டுக்காரர் இப்படித்தான் கழுவுவார் என்று சுயம்பு அண்ணனிடம் சொன்னேன். சிரிக்கப் போனவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. இனி உள்ளே பழந்துணியால் துடைத்தால் மதி, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றார். புது சாக்கெட் போட்டுத் தந்தார். நான் நேற்று வேண்டுமென்றே அதன்மேல் ஒரு வாளி ஊற்றி, காரை ஓட்டிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஜாஸ்மி பிறந்து, நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்தது இந்தக் காரில்தான். மீன்காரரின் சைக்கிள் நம்மை முந்திக்கொண்டு போனது. ஒவ்வொரு குழிக்கும் நீங்கள் திரும்பித் திரும்பிப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். நான் தையல் வலியோடு சிரித்துச் சிரித்து அழுதேன். அன்றைக்குப்போல நான் பிறகு சிரித்ததில்லை.

ஈஸ்டருக்குப் பேசும்போது, கிறிஸ்மஸோடு வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றீர்கள். ஓணம் கழிந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. டிசம்பரில் ஊருக்கு வருகிறவர் நவம்பரில் காரை விற்கச் சொல்லுவாரா? இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், போட்டேன் என்று சொல்லுங்கள். கோபப்படுவேன், அழுவேன். இரண்டு நாள் போனை எடுக்க மாட்டேன். பிறகு எடுப்பேன். ஆனால் பாவம், அந்த விளக்கின்மேல் பழியைப் போடாதீர்கள்.

சனிக்கிழமை வர வேண்டாம் என்று பேபியிடம் நானே சொல்லிவிட்டேன். விற்கத்தான் வேண்டுமென்றால் நீங்களே வந்து விற்றுக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களைச் சுகமாய் எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் குளோரி

பி.கு: பானெட்டுக்குள் துடைக்க வீட்டில் இருக்கிற பழந்துணி உங்கள் நீலக் கைலி ஒன்றுதான். அதைக் கிழிக்கவா, மடித்து வைக்கவா என்று மட்டுமாவது சொல்லுங்கள்.