விளிம்பு வரை கம்பி சுற்றிய தம்பிக்கு

என் உடன் பிறந்த உயிரே, சிவநேசா,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது என்பதை அறியாதவள் அல்லள் நான். ஆயினும் நீ மறைந்த இந்த எட்டாம் மாதத்தில், நம் கள்ளக்குறிச்சி ஊரார் பலரும் படிக்கும்படியாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். உன் மகள் அரசி செய்த ஒரு காரியத்தைப் பற்றி ஊரில் அரைகுறைப் பேச்சு உலவுகிறது. "செத்துப்போன அப்பன் கையால சுத்திக் குடுத்ததைக் கழட்டிப் போட்டுட்டாளாம்" என்று கோயிலில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். நடந்தது மெய்தான். ஆனால் அதன் முழு வரலாற்றையும் உனக்குச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன். படிக்கும் மற்றவர்களுக்காகப் பொறுத்துக்கொள். துருகம் சாலையில் நம் மோட்டார் வைண்டிங் கடையில் நீ முப்பது ஆண்டுகள் கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றினாய். மாலையில் அதே கையால் கிதார் வாசித்தாய். கல்யாண மேடைகளில் நீ வாசித்த அந்த மின்கிதார்தான் அரசிக்கு வந்தது. அவளோ நம் இருவருக்கும் புரியாத கனத்த இசைக்குப் போனாள். ஹெவி மெட்டல் என்கிறார்கள். முதன்முதல் அதைக் கேட்டபோது, கல் அரைக்கும் இயந்திரத்தை யாரோ வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டார்கள் என்றே எண்ணினேன். நீ சிரித்தாயே, நினைவிருக்கிறதா?

கிதாரின் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய கம்பியும் பொருத்தியிருப்பார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். அதன் பெயர் பிக்கப். உன் கிதாரில் இருந்தது ஒற்றைக் காயில், அதாவது ஒரே கம்பிச்சுருள். மெல்லிசைக்கு அது போதும். அரசியின் இசைக்கு ஒலியை ஏற்றியதும் பழைய டியூப்லைட்டைப் போல் உறுமும். "இரட்டைக் காயில் போட்டாத்தான் எரைச்சல் அடங்கும்பா" என்று அவள் கேட்ட அன்றே நீ கம்பி தேட ஆரம்பித்தாய். நான் என்ன ஏது என்று விசாரித்தபோது நீ சொன்ன விடை இன்னும் காதில் இருக்கிறது. "ரெண்டையும் எதிரும் புதிருமா சுத்தினா எரைச்சல ஒண்ண ஒண்ணு துன்னுடும்க்கா. பாட்டு மட்டும் மிச்சம் நிக்கும்."

தலைமுடியினும் மெல்லிய அந்தக் கம்பியை, கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, பதினோரு நாள் சுற்றினாய். விளிம்பு வரை சுற்றினாய். இன்னும் ஒரு சுற்று போட்டால் வழிந்துவிடும் என்னும் அளவுக்குச் சுற்றினாய். அதன் பின் மூன்று வாரங்களில் உன் இதயம் நின்றது. ஆக, நம் குடும்பத்துக்கு அது உன் கடைசி வேலை. உன் மனைவி கோமதி அதை உன் படத்தின் முன் வைத்துப் பூச்சாத்தி, பிறகுதான் அரசியின் கையில் கொடுத்தாள். அவளும் அதைக் கிதாரில் பூட்டிக்கொண்டாள்.

இதன்பின் நடந்தவற்றை நீ அறியமாட்டாய்.

நீ போய் நான்கு மாதம் ஆகும் முன்பே சேலத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு குழுவில் கிதார் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டாராம். நேரில் வந்து வாசித்துக் காட்ட வேண்டும், பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். ஆறு ஆண்டுகளாக அவள் காத்திருந்த வாசல் அது. முன்னோட்டமாக ஒரு பாட்டைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பினாள். "விரல் நல்லாருக்கு. ஆனா சத்தம் கூழாயிருக்கு. கிதாரச் சரி பண்ணிக்கினு வாங்க" என்று பதில் வந்தது.

கூழ் என்ற சொல் அவளை எப்படித் தைத்திருக்கும்! ஒருவரிடமும் சொல்லாமல் இணையத்தில் தேடி, வேறொரு பிக்கப்பை வரவழைத்துவிட்டாள்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடு பிடித்திருந்த காலம். நாம் இளமையில் கண்டதைப் போல் மரங்களை வெட்டிச் சாலையில் சாய்க்கவில்லை. எனினும் அன்று பேருந்து ஓடவில்லை, கடைத்தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. காலைப் பூசையில் பதிகம் ஓதிவிட்டு, கொரோனாவுக்கான முகக்கவசத்துடன் நடந்தே கடைக்கு வந்தேன். நம் மெக்கானிக் காளியப்பன் கல்வராயன் மலைக்குத் திரும்ப வழியின்றி முதல் நாளே கடையில் தங்கிவிட்டிருந்தான்.

"உங்க ஊர்க்காரங்க சண்டை போட்டுக்கினா எங்க மலை பஸ்ஸு இன்னா டீச்சரம்மா பாவம் பண்ணிச்சி?" என்றான்.

"பஸ் இருந்தா மட்டும் நேரத்துக்கா போவ?" என்றாள் அரசி. மேசையில் கிதாரைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் புதிய பிக்கப். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று.

காளியப்பன் அதை எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். முகம் சுளித்தான். "அய்யய்யே, ஏமாத்திட்டான் பாப்பா! விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவுல எம்மாம் எடம் காலியா கீது பாரு. கம்பியத் திருடிட்டான்." கம்பியின் மின்தடையை அளக்கும் மீட்டரையும் வைத்தான். "மொதலாளி சுத்துனது பதினேழு காட்டுது. இது வெறும் எட்டு. பாதி கூட இல்ல. நம்ம கடையில இப்பிடிச் சுத்தியிருந்தா என் கைய ஒடச்சிருப்பாரு."

நானும் அவன் பக்கம்தான் நின்றேன். ஏன் நிற்கமாட்டேன்? மோட்டாரின் பள்ளங்களில் செப்பைக் குறைத்துச் சுற்றி உழவனை ஏமாற்றும் கடைகளை நீ எப்படித் திட்டுவாய்! காலி இடம் விடுவது திருட்டு என்பது உன் தொழில் அறம். அந்த அறத்தில்தானே இந்தச் சிறிய காயிலையும் விளிம்பு வரை நிறைத்தாய்? சிவநேசா, இதை எழுதக் கை தயங்குகிறது. தவறு அங்கேதான் நேர்ந்திருந்தது. நேர்மையில் நேர்ந்த தவறு.

"அது மோட்டார் கணக்குண்ணே" என்றாள் அரசி. "இது கேக்கற பொருளு. சுத்து ஜாஸ்தியானா சத்தம் ஜாஸ்தியாகும், ஆனா மேல் சத்தம் செத்துடும். நான் தந்தியத் தளத்தி, சுதிய எறக்கி வெச்சி வாசிக்கறேன். அதுல இது இன்னும் கொழகொழன்னு ஆவுது. இதுல காந்தம் வேற ஜாதி, சுத்து அளவா கீது. மீட்டர வுட்டுட்டுக் காத வை."

முதலில் உன்னுடைய பிக்கப்பில் வாசித்தாள். அவளே அமைத்த மெட்டு. கல்வராயன் மலையில் மேகம் இறங்குவதைப் போல் மெதுவாகத் தொடங்கும். கடைச் சுவர் அதிர்ந்தது. கருவறை முன் நின்று பெரிய மணியைக் கேட்பது போல் எனக்கு உடல் சிலிர்த்தது. "இதுக்கு இன்னாடி கொறச்சல்?" என்றேன். பிறகு ஈயத்தை உருக்கி உன்னுடையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தாள். வாசித்தாள். மணி போய், உளி விழும் ஓசை வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

அரசி வாசிப்பதை நிறுத்திவிட்டு, "இதான்த்தே. இதத்தான் எடுத்துக்கினு போவப் போறேன்" என்றாள்.

என் நாவுக்கு அன்று தடை இல்லாமல் போயிற்று. "உங்கப்பன் போயி முழுசா நாலு மாசம் ஆவல. அந்தக் கையால சுத்தினதக் கழட்டிட்டு, கடையில வாங்கினத மாட்டுவியா? உங்கம்மாவுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

அவள் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. "அப்பா மோட்டார் சுத்திக் குடுத்தா, தண்ணி எறைக்குதான்னு பாத்துட்டுத்தானே காசு வாங்குவாரு? எறைக்கலன்னா இன்னா பண்ணுவாரு? நான் சுத்தினதுன்னு வுட்டுடுவாரா, இல்ல பிரிப்பாரா? நீயே சொல்லுத்தே."

காளியப்பன்தான் மெல்லச் சொன்னான். "பிரிப்பாரு. வெள்ளிமலையில ஒருக்கா அவரே சுத்தின மோட்டார், தண்ணி கம்மியா ஊத்திச்சி. காட்டுக்காரரு போதும்னுதான் சொன்னாரு. இவரு கேக்கல. தோள்ல தூக்கியாந்து மொத்தத்தையும் அறுத்துப் போட்டுட்டு மறுபடி சுத்துனாரு."

"இன்னொரு வாட்டி வாசி, ரெண்டையும்" என்றேன்.

இம்முறை மெட்டின் இரண்டாம் பகுதியை வாசித்தாள். விரைந்து ஓடும் பகுதி. கண்களை மூடிக்கொண்டேன். பதிகத்தை ஒருவர் ஓதும்போது எழுத்துப் பிசகினால் பத்தடி தள்ளி நின்றும் எனக்குக் கேட்டுவிடும் அல்லவா? அந்தக் காதைத் திறந்து வைத்தேன். உன் காயிலில் ஒரு சுரத்தின் வால் அடுத்ததன் தலை மேல் ஏறிற்று. அடுத்தது அதற்கடுத்ததை மூடிற்று. புதியதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே விழுந்தது. அத்தனை வேகத்திலும் ஒன்று கூடச் சிதையவில்லை. வெண்பாவில் எவ்வளவு நல்ல சொல்லாயினும் ஓர் அசை மிகுந்தால் தளை தட்டும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொன்னவள் நான். எனக்கே அது உறைக்க ஒரு பகல் ஆயிற்று. மேசை மேல் கிடந்த உன் காயிலைப் பார்த்தேன். உன் முகத்தை நேரில் பார்த்திருந்தால் இன்னும் கடினமாக இருந்திருக்கும். "உன் காதுதான் சரி" என்று அவளிடம் சொன்னேன்.

இரண்டாம் நாள் பேருந்துகள் ஓடின. அவளும் நானும் சேலம் பேருந்தில் ஏறினோம். நான் மனத்துக்குள் ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டு வந்தேன்.

சேலத்தில் ஒரு மாடி அறை. குழுவில் மூவர். திருநீறும் நூல்சேலையுமாக நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்து, டிரம்ஸ் வாசிப்பவர் பதறிப்போனார். "அம்மா, நீங்க வெளில உக்காருங்க. காது போயிடும்."

"கோயில்ல ரெண்டு நாயனத்துக்கும் ஒரு தவுலுக்கும் நடுவுல உக்காந்த காது தம்பி இது. நீங்க அடிங்க" என்றேன். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அரசி வாசித்தாள். அவர்கள் பாட்டை அவர்களோடும், தன் மெட்டைத் தனியாகவும். ஓடும் பகுதி வந்ததும் டிரம்ஸ்காரர் அவள் விரல்களையே பார்த்தபடி தாளத்தைக் கூட்டினார். அவள் விடவில்லை. இன்னும் கூட்டினார். அப்போதும் விடவில்லை. கடைசியில் அவர்தான் குச்சியைக் கீழே வைத்தார்.

"போன தடவை அனுப்பினதும் இதே கிதாரா?" என்று கேட்டார். "அதே கிதாருதாங்க. பிக்கப்பு மாத்தினேன்" என்றாள். "யாரு செலக்ட் பண்ணிக் குடுத்தது?" அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "நானேதாங்க" என்றாள்.

ஞாயிறு முதல் ஒத்திகைக்கு வரச் சொன்னார்கள்.

சிவநேசா, "நானேதாங்க" என்று அவள் சொன்னபோது அந்தக் குரலில் யார் பேசியது என்று எனக்குத் தெரியும். காட்டுக்காரர் போதும் என்ற பிறகும் மோட்டாரைத் தோளில் தூக்கி வந்தவன்தான். அவள் கழற்றியது உன் கைவேலையை. உன் குணத்தை அவள் அப்படியே பூட்டி வைத்திருக்கிறாள். இதற்கு மேல் ஒரு தகப்பன் எதைக் கேட்பான்?

கோமதிக்கு மனம் ஆறவில்லை, அதையும் மறைக்கமாட்டேன். உன் காயிலை மறுபடி படத்தின் முன் வைத்துவிட்டாள், இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சேலத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். அது மன்னிப்பா, பழக்கமா? எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை.

இப்போது ஒரு வாக்குத் தருகிறேன். கோயிலிலோ, கடைத்தெருவிலோ, நம் உறவிலோ, "அப்பன் சுத்தினத ஏன் கழட்டின?" என்று இனி எவர் கேட்டாலும் அந்தக் கேள்வி அரசியிடம் போய்ச் சேராது. வழியிலேயே நான் நிற்பேன். "தண்ணி எறைக்கல, பிரிச்சிட்டா. அவன் இருந்திருந்தா அவனே பிரிச்சிருப்பான்" என்று சொல்வேன். என் குரல் உள்ளவரை சொல்வேன்.

உன்னைத் தோளில் சுமந்து வளர்த்தவளும்,
உன் மகளின் காதுக்குத் தோற்றதில் மகிழ்பவளுமான
உன் அக்கா,
ஞானாம்பாள்