அக்கரையில் விட்ட மூன்று பூனைகள்

அண்ணா,

இன்று காலை நந்தியாவட்டைச் செடியின் அடியில் மண்ணைக் கிளறியபோது அந்த நாற்றம் மறுபடியும் வந்தது. மழை விட்டுச் சிறிது நேரமே ஆகியிருந்தது. ஈர மண் வாசனைக்குள்ளிருந்து பூனைக் கழிவின் காட்டமான வீச்சம் எழுந்து கண்ணை உறுத்தியது. முன்பெல்லாம் அந்த நாற்றம் வந்தால் எனக்குக் கோபம் வரும். இன்று வரவில்லை. களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று இரண்டு முறை கேட்டாள். பதில் சொல்ல வேண்டியது அவளுக்கு அல்ல, உங்களுக்கு. நீங்கள் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது.

சூலூர்ச் சாலையிலிருந்து பிரியும் நம் வீதியில், ஒரே காம்பவுண்டுச் சுவரின் இரு புறத்திலும் பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருந்தோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளிதழ். ஆறரை மணி வரை உங்களிடம் இருக்கும். பிறகு நீங்களே அதை மடித்துச் சுவருக்கு மேலாக நீட்டுவீர்கள். மடிப்புக் கலையாமல் வரும். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளனாக இருக்கும், தாளில் ஏறாத எதையும் நடந்ததாகக் கருதாமல் பழகிய எனக்கு, உங்களிடம் முதலில் பிடித்தது அந்த மடிப்புதான்.

நீங்கள் மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர். ஆட்குறைப்பின்போது விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்து வந்தீர்கள். கடைசி நாளன்று, உடன் வேலை பார்த்தவர்கள் போட்ட மாலையைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, பின் கூடையில் ஒரு பூனையை வைத்துக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. பஞ்சுக் கிடங்கில் எலி பிடித்த பூனை. "இவளுக்கும் இன்னிக்கு ரிட்டேர்மெண்டுங் தம்பி" என்றீர்கள். அண்ணி தவறி, மகளையும் திருப்பூரில் கட்டிக் கொடுத்தபின் அந்த வீட்டில் உங்களுக்குப் பேச்சுத்துணை அவள்தான். அம்மிணி என்று பெயர் வைத்தீர்கள். அடுத்த வருடம் அவள் இரண்டு குட்டி போட்டாள்.

என் தோட்டம் உங்களுக்குத் தெரியும். நாலடிக்கு ஆறடியாகப் பாத்திகள். ஒன்றில் கொத்தமல்லி, ஒன்றில் வெந்தயக்கீரை, சுவரோரம் பூஜைக்கு நந்தியாவட்டை. புதிதாகக் கொத்திவிட்ட மண்ணில் காலையில் கை வைத்தால் கழிவு. அந்தச் செடியின் பூவைச் சாமிக்கு வைக்க மனம் வரவில்லை. ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: தேதி, பாத்தி, எந்த மூலை. மூன்று மாதத்தில் நாற்பத்தொரு பதிவுகள். அவற்றில் ஒன்றிலாவது பூனையை நேரில் கண்டதாக நான் எழுதவில்லை, காணவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று பூனைகள் இருந்தன. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

முதலில் வாய்மொழியாகத்தான் சொன்னேன். "தப்பா நெனைக்காதீங்கண்ணா. உங்க பூனைங்க நம்ம பாத்தியில அசிங்கம் பண்ணீருதுங்க."

"எங்குளுதுங்களா? இருக்காதுங் தம்பி. பொறத்தால மணலு கொட்டி வெச்சிருக்கறனுங்க. அங்கதான் போவுங்க, தள்ளி மூடிப்போட்டுத்தான் திரும்புங்க. உங்களாட்டவே சுத்தக்காரிங்க."

"பின்ன யாரு பண்றதுங்க?"

"அது தெரியலீங்களே. ஒண்ணு செய்யுங்க. அனுமதியின்றி உள்ளே வரக்கூடாதுன்னு சுவத்து மேல ஒரு போர்டு மாட்டீருங்க. அம்மிணிக்கு நா படிச்சுக் காட்டீர்றேன்."

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்ன முதல் பாதியைச் சாக்குப்போக்கு என்றும், விளையாட்டாகச் சொன்ன இரண்டாம் பாதியை என் ஒழுங்கின் மீதான கேலி என்றும் எடுத்துக்கொண்டேன். எழுந்து நாலு எட்டு வைத்து உங்கள் வீட்டுப் புறக்கடையில் அந்த மணலைப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

'தங்கள் வளர்ப்பிலுள்ள மூன்று பூனைகள் எனது தோட்டத்தைத் தொடர்ந்து அசுத்தப்படுத்தி வருவதால், பதினைந்து தினங்களுக்குள் தக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. தவறும் பட்சத்தில் உரிய அதிகாரிகளுக்கு எழுத நேரிடும்.' ஒரு நகல் எடுத்துக் கோப்பில் வைத்தேன். ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பக் கிளம்பியபோது என் மனைவி வாசலில் வழிமறித்தாள்.

"கையெட்டற தூரமுங்க. கூப்புட்டுச் சொன்னா ஆகாதுங்களா? ரிஜிஸ்டர்ல போட்டா மூஞ்சியில அடிச்ச மாதரி இல்லீங்களா?"

"எழுத்துல இருந்தாத்தான் மரியாத."

"யாருக்குங்க?"

அவளை விலக்கிக்கொண்டு தபால் நிலையத்துக்கு நடந்தேன். பகையாளியைக்கூட 'ங்க' போட்டுப் பேசும் ஊர் நம்முடையது. இங்கே பங்காளிகள் கோர்ட்டுப் படி ஏறத் துணிந்த பிறகே பதிவுத் தபால் போகும். அது எனக்குத் தெரியாததல்ல. நான்கு நாட்கள் கழித்து, உங்கள் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டையைக் கொண்டுவந்த தபால்காரர், "ஏனுங் சார், இதச் சுவத்து மேலயே குடுத்திருந்தீங்கன்னா எனக்கு ரண்டு நட மிச்சமாயிருக்குமுங்களே" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரைக்கு நாளிதழ் சுவருக்கு மேலாக வந்தது. அதே மடிப்பு. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், அண்ணா. திட்டியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். யாராவது வந்து சமாதானம் செய்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு சாக்குகளோடு நீங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனதை ஜன்னல் வழியே பார்த்தேன். சாக்குகள் அசைந்தன. ஆற்றைத் தாண்டி விட்டால் பூனைக்குத் திரும்பும் வழி தெரியாது என்று நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். பக்கத்திலிருக்கும் நொய்யலை நம்பாமல் சத்தியமங்கலம் வரை போய், பவானி ஆற்றைக் கடந்து, அக்கரையில் விட்டுவிட்டு வந்தீர்கள். மாலையில் காலிச் சாக்குகளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றீர்கள். உள்ளே வரவில்லை.

"ஆத்துக்கு அக்கட்டால உட்டுப்போட்டு வந்துட்டனுங் தம்பி. இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுங்க."

"உக்காருங்கண்ணா, காப்பி…"

"இருக்கட்டுங்க. குட்டிக ரண்டும் சத்தமே போடலீங்க. அம்மிணிதான் புளியம்பட்டி வரைக்கும் கத்தீட்டே வந்துச்சு. அப்பறம் அதும் நிறுத்திக்கிச்சுங்க."

ஒன்பதாம் நாள் என் கொத்தமல்லிப் பாத்தியில் கழிவு கிடந்தது.

அவை திரும்பி வந்துவிட்டன என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கு அப்போது வந்தது கோபமல்ல, ஆறுதல். உங்களைக் கூப்பிட வாயைக்கூடத் திறந்தேன். அடுத்த மூன்று விடியலிலும் ஜன்னலோரம் காத்திருந்தேன். மூன்றாம் நாள், எதிர்ப்புறக் காலி மனையிலிருந்து, காது கிழிந்த ஒரு சாம்பல் நிறக் கடுவன் பூனை வந்தது. யாருடையதும் அல்லாத பூனை. நிதானமாக நந்தியாவட்டையடியில் குழி பறித்து, வேலையை முடித்து, மூடாமலே போயிற்று. நீங்கள் சொன்னது சரி. உங்களுடையவை மூடிவிட்டுத்தான் வரும்.

அன்றே வந்து சொல்லியிருக்க வேண்டும். அன்றே கிளம்பியிருந்தால் இருவரும் அடுத்த பேருந்தில் சத்தியமங்கலம் போயிருக்கலாம். பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது; அந்த ஆற்றங்கரையிலேயே அவை சுற்றிக்கொண்டிருந்திருக்கும். நானோ மறுபடியும் மேசையில்தான் உட்கார்ந்தேன். எழுத்தில் சுமத்திய பழியை எழுத்தில்தான் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றிற்று. மூன்று வரைவுகள் எழுதினேன். 'மேற்படி கடிதத்தில் கண்ட விவரங்கள் தவறெனப் பின்னர் தெரியவந்ததால்' என்று ஒன்று தொடங்கியது. தெரியவந்ததாம்! யாருக்கு, எப்படி என்று சொல்ல அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. மூன்றையும் கிழித்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான், அண்ணா, என்னால் யாரிடமும் சொல்ல முடியாதது. தினமும் நீங்கள் எழுவதற்கு முன் எழுந்து தோட்டத்துக்குப் போனேன். கழிவு கிடந்தால் அள்ளி ஆழக் குழி வெட்டிப் புதைத்தேன். மேலே காய்ந்த சருகு போட்டேன். நீங்கள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியக் கூடாது. ஏழு மாதம் இப்படிச் செய்தேன். ஆறரைக்கு நாளிதழை நீட்டும்போது, "பூ இப்ப நல்லா வந்திருக்குதுங்களே" என்று நீங்களாகவே பேச ஆரம்பித்தீர்கள். நான் தலையாட்டினேன். உங்கள் புறக்கடைப் படியில் பால் தட்டு கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. நீங்கள் இளைத்துக்கொண்டே வந்தீர்கள்.

மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு ஈரல் என்றார்கள். மருத்துவமனைக்கு நான் புறப்பட்ட அன்று, பேருந்தில் நின்றபடியே சொல்ல வேண்டிய வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். அன்று எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தேன். உங்கள் கண் வெள்ளை முழுக்க மஞ்சளாக இருந்தது.

"அண்ணா, பூனைங்க விசயமா ஒண்ணு…"

நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். பிடியில் வலுவே இல்லை. "அத உடுங் தம்பி. நா மொதல்லயே கொண்டுபோயி உட்டிருக்கோணும். உங்களக் கடுதாசி எழுத வெச்சுட்டனேன்னுதான் எனக்கு வெசனமுங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டீர்கள்: "தோட்டம் இப்பச் சுத்தமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கண்ணா" என்றேன்.

"அது போதுமுங்க."

அன்று காலையில்கூடப் புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நகத்திடுக்கில் மண் இருந்தது. அதற்குப் பிறகு நீங்கள் நான்கு நாட்கள் உயிரோடு இருந்தீர்கள். நான்கு நாட்களும் அலுவலகத்துக்குப் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். நாளை போகலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன்.

காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்ய வந்தபோது உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அப்பாவுக்கு உங்க மேல ஒரு வருத்தமும் இல்லீங் சித்தப்பா. தம்பி தோட்டம் சுத்தமாயிருச்சாம்னு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாருங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னைத் தேற்றுவதற்காக வந்திருந்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னால், கடைசி நாட்களில் உங்களுக்கிருந்த ஒரே மனநிறைவும் பொய்யில் விளைந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமலிருப்பதற்கு இது நியாயமான காரணமா, அல்லது என் கோழைத்தனம் தேடிக்கொண்ட காரணமா? பதினொரு மாதமாக இதற்குத் தீர்ப்பு எழுதப் பார்க்கிறேன். முடியவில்லை.

அன்று முதல் மாதத்தில் ஒரு ஞாயிறு சத்தியமங்கலம் போகிறேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும். பாலத்தைக் கடந்து கரையோரம் நடக்கிறேன். கசாப்புக் கடை, மீன் கடை, டீக்கடையின் பின்புறம் என்று பார்க்கிறேன். நீங்கள் கூப்பிடுவது போல "அம்மிணீ, வா கண்ணு" என்று கூப்பிட எனக்கு வரவில்லை. அதிகாரக் குரலாகத்தான் வருகிறது. போன ஞாயிறன்று மீன் விற்கும் ஓர் அம்மாள் என்னைக் கவனித்துவிட்டார்.

"ஏனுங் சார், எப்ப வந்தாலும் கீழயே பாத்துட்டுத் திரியறீங்க? என்னத்தத் தொலைச்சீங்க?"

"பூனைங்க. மூணு பூனைங்க."

"பூனையா! இங்க அதுக்கென்னங் பஞ்சம். எது உங்குளுது?"

"என்னுது இல்லீங்க. பக்கத்து ஊட்டு அண்ணனுது."

"அட, அவரக் கூட்டீட்டு வந்திருந்தீங்கன்னா அவரே பாத்துப் புடிச்சுக்குவாருங்களே. அவரு வரலீங்களா?"

அங்கே நின்றபடி, முன்பின் அறியாத அந்த அம்மாளிடம், அரிவாள்மணையில் மீன் அறுபடும் சத்தத்துக்கு நடுவே, உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய அனைத்தையும் சொன்னேன். வரிசையாக வரவில்லை. தபாலைச் சொன்னேன், கடுவனைச் சொன்னேன், புதைத்ததைச் சொன்னேன். "அதுங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. நாந்தான்" என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத அவருகிட்டச் சொன்னீங்களா சார்?"

"இல்லீங்க."

அவர் மறுபடி குனிந்தார். வெட்டி ஒதுக்கியிருந்த தலைகளையும் வால்களையும் ஒரு தாளில் கூட்டி அள்ளி என் கையில் கொடுத்தார். வாழ்நாளில் மீனைத் தொட்டவனல்ல நான். வாங்கிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனேன். ஏழெட்டுப் பூனைகள் சூழ்ந்துகொண்டன. ஒன்று செவலை, இரண்டு கறுப்பும் வெள்ளையும், ஒன்றுக்கு நெற்றியில் பட்டை. அம்மிணி என்ன நிறம், அண்ணா? ஆறு ஆண்டுகள் நம் சுவரின் மேல் நடந்த பூனை. அவள் முகத்தை நான் ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் போட்டேன். எது உங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை.